ரசமட்டத்தைத் திருப்பி வைத்தவர்

நேயர்களுக்கு வணக்கம். எளிய உழைப்பாளிகளிடம் கற்ற பாடங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், கொஞ்சம் தயங்கித்தான் ஒப்புக்கொண்டேன். ஏனென்றால் இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: கையில் காசில்லை, ஆனாலும் முகத்தில் என்ன சிரிப்பு பாருங்கள்! எனக்கு இதில் உடன்பாடில்லை. சிரிப்பு அவருடைய சுபாவமாக இருக்கலாம், கூலி கொடுப்பவர் முன்னால் முகம் சுளிக்க முடியாத நிலைமையாகவும் இருக்கலாம், நாம் பாட்டுக்கு அதற்கு மனநிறைவு என்று பெயர் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவருடைய வறுமையைப் பார்த்து நாம் ஆறுதல் அடைவதில் என்ன பாடம் இருக்கிறது? அவர் கை என்ன செய்கிறது என்று பார்த்தால் உருப்படியாக ஏதாவது கிடைக்கும்.

கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். நீளமான பட்டை, நடுவில் ஒரு சின்னக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவே நின்றால் மட்டம் சரி. ஒரு கொத்தனார், குமிழி அப்படி நட்டநடுவில் நின்ற பிறகும் விடவில்லை. பட்டையைத் தூக்கி, இடது முனை வலது பக்கம் வரும்படி திருப்பி, அதே இடத்தில் வைத்து மறுபடியும் குனிந்து பார்த்தார். ஏன் என்று கேட்டேன். “இது எத்தனை தடவை கீழே விழுந்திருக்கும், இதுவே கோணலா இருந்தா?” என்றார். அவ்வளவுதான் விஷயம். கருவியில் பழுதில்லை என்றால் எப்படித் திருப்பினாலும் குமிழி அதே இடத்தில்தான் நிற்கும், பழுதென்றால் இடம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். சுவரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அவர் தன் கையில் இருப்பதைச் சந்தேகப்படுகிறார்.

நாம் ஆட்களை எடைபோடும்போது இப்படி ஒரு தடவை திருப்பி வைத்துப் பார்க்கிறோமா? பிடிக்காதவர் ஒரு காரியம் செய்தால் திமிர் என்கிறோம். அதையே பிடித்தவர் செய்திருந்தால் தைரியம் என்றிருப்போம், இல்லையா? குமிழி இடம் மாறுகிறது என்றால் கோணல் எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதெல்லாம் படித்தவர்களுக்குத் தெரியாததா என்று கேட்கலாம். கலிலியோ 1638ல் வெளியிட்ட கடைசிப் பெரிய நூல், வெனிஸ் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தைப் பற்றிய பேச்சோடுதான் ஆரம்பிக்கிறது. பெரிய கப்பலைத் தண்ணீரில் இறக்கும்போது சின்னக் கப்பலைவிட அதிகமாக முட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தன் பாரத்திலேயே உடைந்துவிடும் என்று அங்கே வேலை செய்யும் ஒரு வயதானவர் சொல்வதாக அதில் வருகிறது. அப்படிச் சொல்வது அர்த்தமில்லாத பேச்சு என்று நூலில் பேசிக்கொள்கிறவர்களில் ஒருவர் நினைக்கிறார், இல்லை, கிழவர் சொன்னது சரி என்று இன்னொருவர் எடுத்துச் சொல்கிறார், அங்கிருந்துதான் பொருள்களின் பலம் பற்றிய ஆராய்ச்சியே கிளம்புகிறது. கலிலியோவை உலகம் அறியும், அந்தக் கிழவரின் பெயர் யாருக்கும் தெரியாது.

அப்புறம், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஆயாம்மாக்கள். நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது புரட்டிப் படுக்க வைக்கவேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும் என்பது பொதுவாகச் சொல்லித்தரும் விஷயம்தான். நான் பார்த்த ஓர் ஆயாம்மா, புரட்டி முடித்ததும் நோயாளியின் முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவே உள்ளங்கையை விட்டு மெல்லத் தடவிக்கொண்டே போனார். எதையோ தேடுகிறார் என்று நினைத்தேன். விரிப்பில் ஒரு மடிப்பு இருந்தால்கூட மணிக்கணக்கில் உடம்பை அழுத்தி அந்த இடத்தில் தோல் கன்றிவிடுமாம், கண்ணுக்குத் தெரியாததைக் கையால் தேடி நீவி விடுகிறார். அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. நினைவில்லாமல் கிடந்த அந்தப் பெரியவரிடம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் “ஐயா, இந்தப் பக்கம் திருப்பப் போறேன், கையை எடுத்து வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டார். பதில் வராது என்று தெரியும். காதில் விழுந்தால் விழட்டுமே என்கிறார். நன்றாக விழித்திருக்கும் அப்பா அம்மாவைக்கூட, எங்கே கூட்டிப்போகிறோம், என்ன மாத்திரை கொடுக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இழுத்துக்கொண்டு அலைகிற பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இவற்றில் எதையும் அவர்கள் உபதேசமாகச் சொல்லவில்லை, வேலையைத்தான் செய்தார்கள். அதனால் உங்களுக்கும் ஆசை இருந்தால், எத்தனை பிள்ளைகள், எவ்வளவு சம்பளம் என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, “இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள், ஆனால் வேலை மும்முரத்தில் கேட்காதீர்கள். முதலில் குறை கண்டுபிடிக்க வந்த ஆள் என்று நினைப்பார்கள், அது போகக் கொஞ்ச நேரம் ஆகும். சிலர் சொல்லவே மாட்டார்கள், தொழில் நுணுக்கம், அது அவர்கள் இஷ்டம். சொன்னவரிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, கடைசியில் கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள்.

நன்றி, வணக்கம்.