கட்டிக் கிடந்த படகுகள்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரி இறுதியாண்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தோம். கடலுக்குப் போகும் அப்பா, கரையில் காத்திருக்கும் மகள், இதுதான் கதை. முதல் ஷாட்டே குளச்சலில் விடியற்காலை விசைப்படகு கிளம்புவது. மே மாதம் எடுக்க நினைத்தோம். தேர்வு தள்ளிப்போய், ஜூன் மூன்றாம் வாரம்தான் நேரம் கிடைத்தது. வாடகைக் கேமராவோடு போய் இறங்கினால், படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். இந்த மாவட்டத்திலேயே வளர்ந்த எங்களுக்கு அது தோன்றாமல் போனது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னமுட்டம் துறைமுகத்துக்குப் போய்விடலாம் என்றான் நண்பன். அங்கே கிழக்குக் கடற்கரைக் கணக்கு. தடை ஜூன் 14-ஓடு முடிந்திருந்தது. சரி என்று வண்டி பேசக் கிளம்பினோம். பக்கத்தில் வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் விசாரித்தார். சொன்னோம். "கடலுக்குப் போவாத நாளு நாங்க என்ன செய்யோம்னு எடுக்கப்பிடாதா மக்களே?" என்றார்.

நாங்கள் வண்டி பேசவில்லை.

ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் பல நாள் கழித்தே கரைக்கு வருவார்கள். அப்பாவைத் தொடர்ந்து ஒரு வாரம் வீட்டில் பார்த்தறியாத குழந்தைகள் உண்டு. அப்படி ஒரு சிறுமிக்குத் தடைக்காலத்தில் அப்பா பகலெல்லாம் வீட்டில் இருக்கிறார். அவளுக்கோ அவரிடம் பேச வெட்கம். அன்று இரவே கதையை இப்படி மாற்றி எழுதினோம். காத்திருப்பதைவிட இது எனக்கு இன்னும் நெருக்கமான கதையாகப் பட்டது.

மறுநாள் தென்மேற்குப் பருவமழை கொட்டியது. மழையையே காட்சியாக்கலாம் என்று எடுத்தோம். திரையில் பார்த்தால் மழையே இல்லை! மழைக்கோடுகள் தெரிய வேண்டுமானால், மழைக்குப் பின்னாலிருந்து கேமராப் பக்கமாக வெளிச்சம் வர வேண்டும். சாயங்காலம் இருட்டியதும் ஓர் ஆட்டோவை எதிரே நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டோம். ஒவ்வொரு துளியும் தெரிந்தது.

சத்தம்தான் பெரிய பாடு. கடற்கரையில் காற்று மைக்கை அடித்து, வசனம் ஒன்றும் தேறவில்லை. பாதி வசனத்தை வெட்டிவிட்டு, மீதியை வீட்டுக்குள் வைத்தோம். தகர ஷீட்டில் மழை விழும் சத்தத்தை, யாரும் பேசாமல், ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்தோம். படம் எடுக்கும் தம்பி தங்கைகள் எந்த இடத்துக்குப் போனாலும் இந்த ஒரு நிமிடத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எடிட்டிங்கில் வசனத்துக்கு வசனம் பின்னணிச் சத்தம் அறுந்து கேட்கும்போது, அந்த இடைவெளிகளில் இதைத்தான் போட வேண்டும்.

அந்தச் சிறுமியாக நடித்தது ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை. வலை பின்னும் ஊசியை அப்பா கையிலிருந்து அவள் வாங்கும் காட்சியை ஒரே தடவைதான் எடுக்க முடிந்தது, வெளிச்சம் போய்விட்டது. அவள் விரல் நடுங்கியது நாங்கள் சொல்லிக்கொடுத்ததல்ல.

அப்புறம் ஆகஸ்ட் 1. தடை முடிந்து படகுகள் கிளம்பின. கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால், கையிலிருந்த போனிலேயே எடுத்தோம். முதல் ஷாட்டாக எழுதி வைத்திருந்த அந்தக் காட்சிதான் படத்தின் கடைசி ஷாட்டாகப் போனது. படகில் ஐஸ் கொட்டும் சத்தத்தையும் மறக்காமல் ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டோம்.