மே மாத வருமானம், ஜனவரித் தவணை

(கோத்தகிரி பக்கத்து ஊர் ஒன்றின் சமுதாயக் கூடத்தில், மகளிர் குழுக்களின் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)

எல்லோருக்கும் வணக்கம். இலை எடுக்கிற நாளில் அரை நாளை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 31 வருஷம் காசாளராக இருந்தவன் நான். ஊரார் பணத்தைப் பைசா பிசகாமல் எண்ணி வைத்தேன். என் வீட்டுக் கணக்கு மட்டும் எனக்கே தெரியாது. ஒருநாள் என் மனைவி சட்டையைத் துவைக்கும்போது பையில் ஒரு தாள் நனைந்து மாவு மாதிரி கிடந்திருக்கிறது. பிரித்துக் காயவைத்துப் பார்த்தால் அடகு ரசீது. பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று அவள் நம்பிக்கொண்டிருந்த இரண்டு வளையல், மேட்டுப்பாளையத்தில் ஒரு கடையில் இருந்தது.

ஏன் மேட்டுப்பாளையம்? எங்கள் சங்கத்திலேயே நகைக்கடன் உண்டு. 100 ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. ஆனால் கூட வேலை பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்த வெட்கத்தில் பஸ் ஏறி மலை இறங்கிப் போய் 2 ரூபாய் வட்டிக்கு வைத்தேன். 80,000 ரூபாய்க்கு மாதம் 800 ரூபாய் கூடுதல். 14 மாதம் கட்டினேன். ஆக, என் வெட்கத்தின் விலை 11,200 ரூபாய், பஸ் கட்டணம் தனி.

சண்டை வரும் என்று காத்திருந்தேன். அவள் ஒன்றும் பேசாமல் சமையலறைக்குப் போய், அரிசி டின்னுக்குள் கையை விட்டு ஒரு பாஸ்புக்கை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். பையனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் குழுவில் வாங்கிய கடன். எனக்குத் தெரியாமல் இரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று ராத்திரி பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருவரும் உட்கார்ந்து எழுதினோம். மளிகைக் கடைப் பற்று, மச்சானிடம் வாங்கிய கைமாற்று, சீட்டு எடுத்துவிட்டுக் கட்டவேண்டிய பாக்கி, எல்லாம். 2 லட்சம் இருக்கும் என்று நினைத்தேன். கூட்டினால் 3,46,000. இரண்டாம் முறையும் கூட்டிப் பார்த்தேன், தொகை மாறவில்லை.

வரவு செலவு எழுதுங்கள் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். யாருக்குப் பொய் சொல்கிறோம் என்பதை முதலில் பாருங்கள். கடன் கொடுக்க வருகிறவரிடம் வருமானத்தைக் கூட்டிச் சொல்கிறோம். கைமாற்று கேட்டு வரும் சொந்தக்காரரிடம் குறைத்துச் சொல்கிறோம். வீட்டில் இன்னொன்று சொல்கிறோம். மூன்று கணக்கும் தலைக்குள் ஓடினால் நான்காவதாக உண்மைக் கணக்குக்கு இடம் எங்கே?

அதிலும் நம் மலையில் ஒரு சிக்கல் உண்டு. கீழ்நாட்டுக்காரர் எழுதித் தருகிற கணக்கு நோட்டு மாதச் சம்பளக்காரருக்கானது. நமக்கு மாதச் சம்பளமா வருகிறது? ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காகப் பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய் என்று வையுங்கள். மழை பெய்து கொழுந்து பொங்குகிற மே மாதத்தில் 600 கிலோ எடுத்தால் 12,000 ரூபாய். ஜனவரியில் பனி விழுந்து கொழுந்து கருகிவிடும், 120 கிலோ தேறினால் பெரிது. 2,400 ரூபாய். வருஷம் முழுக்க 4,500 கிலோ என்றால் 90,000 ரூபாய், பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,500. உரமும் ஆள்கூலியும் இதிலேதான் போகவேண்டும்.

இப்போது கடன் கொடுப்பவர் மே மாதத்தில் வருகிறார். "மாசம் எவ்வளவு வருது அக்கா?" நீங்கள் 12,000 என்கிறீர்கள். அது பொய்யும் இல்லை. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் ஒரு விதி வைத்திருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தருவதெல்லாம் குறுங்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. 12,000-இல் பாதி 6,000. தவணை 6,000 என்று கையெழுத்துப் போட்டாயிற்று. ஜனவரியில் 2,400-ஐக் கையில் வைத்துக்கொண்டு 6,000 கட்ட எங்கே போவீர்கள்? இன்னொரு குழுவுக்கு. அதற்கும் தவணை உண்டு. ஆகவே யார் கேட்டாலும் வருஷ வருமானத்தைச் சொல்லி, அதை 12-ஆல் வகுத்துச் சொல்லுங்கள். கடன் குறைவாகத்தான் கிடைக்கும். கிடைக்கட்டுமே.

செலவுக்கும் அப்படித்தான். ஹெத்தையம்மன் திருவிழா டிசம்பர், ஜனவரி வாக்கில் வருகிறது. புதுத்துணி, வரப்போக உறவு, சாப்பாடு. சரியாக இலை இல்லாத காலம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. தாத்தா காலத்திலிருந்து வருகிற திருவிழாவை ஒவ்வொரு வருஷமும் "திடீர்ச் செலவு" என்கிறோம். மொய்யை மட்டும் தனியாக ஒரு வருஷம் எழுதிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது அரிசிச் செலவைத் தாண்டியது. மொய்யை நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. அந்தத் தொகையை மே மாதமே எடுத்துத் தனியாக வைக்கிறேன், அவ்வளவுதான். குடிக்கு ஆகிற காசை "இதர செலவு" என்று எழுதுகிற அண்ணன்மாரும் இங்கே இருக்கலாம். யாரென்று கேட்கமாட்டேன்.

(இந்த இடத்தில் பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று கேட்டார்.)

நல்ல கேள்விம்மா. எது அதிகம் தொந்தரவு செய்கிறதோ அதை அடைக்கத்தான் மனசு சொல்லும். ஆனால் எதற்கு வட்டி அதிகம் என்றுதான் பார்க்கவேண்டும். தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 என்று பேர். 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார். நாளைக்கு 100 வீதம் 100 நாள். 1,000 ரூபாய் வட்டிதானே, 10 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 9,000 உங்களிடம் 100 நாளும் இருப்பதில்லை, முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. 50-ஆம் நாளில் பாதிதான் உங்களிடம் இருக்கும். சராசரியாகக் கையில் இருந்த பணத்துக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. இந்தத் தண்டலும் மீட்டர் வட்டியும் 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்துக்குள் வருகிறவை. எனவே முதலில் அதை முடியுங்கள். குழுக் கடனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கையில் பணம் சேர்ந்தால் குறுங்கடனை முன்கூட்டியே அடைக்கலாம், அதற்கு அபராதம் கேட்கக்கூடாது. வசூலுக்கு வருபவர் காலை 9 மணிக்கு முன்னாலும் சாயங்காலம் 6 மணிக்குப் பின்னாலும் வரக்கூடாது என்பதும் விதியில் இருக்கிறது. ராத்திரி வாசலில் வந்து நின்றால் பயப்படாமல் இதைச் சொல்லுங்கள்.

நகைக்கடன்தான் சத்தமில்லாமல் தின்கிறது. ஒரு லட்சத்துக்கு 1 ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 12,000. வட்டியை மட்டும் கட்டி, அதே நகையை மறுபடி அடகு வைக்கிறோம். நாலு வருஷத்தில் 48,000 கட்டியிருப்போம், அசல் அப்படியே ஒரு லட்சம். சங்கத்தின் கவுண்டரில் உட்கார்ந்து இதை வருஷக்கணக்காகப் பார்த்தேன். ஒரே பாட்டி, ஒரே அட்டிகை, வருஷா வருஷம் புது ரசீது. கடைசி வரை அந்த அட்டிகையை அவர் கழுத்தில் நான் பார்க்கவே இல்லை.

இதற்கு ஒரு வழியை நம் தோட்டமே சொல்லித் தருகிறது. தேயிலைச் செடியின் கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டினால் அந்தச் செடியில் சில மாதம் இலை இருக்காது. அதனால் விவரம் தெரிந்தவர் தோட்டம் முழுவதையும் ஒரே வருஷம் வெட்டுவதில்லை. நாலு பங்காகப் பிரித்து வருஷத்துக்கு ஒரு பங்கை வெட்டுவார், மற்ற மூன்று பங்கும் சோறு போடும். அடகு வைத்தே ஆகவேண்டும் என்றால் நகையையும் அப்படி வையுங்கள். நாலு நகையை ஒரே ரசீதில் வைத்தால் முழுத்தொகையும் சேரும் வரை ஒன்றுகூட வெளியே வராது. தனித்தனி ரசீதாகப் போட்டால் மே, ஜூனில் இலைப் பணம் வந்ததும் சின்ன மோதிரத்தை மீட்கலாம். செப்டம்பருக்கு மேல் அடுத்த மழையில் கம்மல். எங்கள் வீட்டில் அந்த இரண்டு வளையலையும் திருப்பி வைக்கும்போது இரண்டு ரசீதாகப் பிரித்தோம், இந்த முறை எங்கள் சங்கத்திலேயே. கூட வேலை பார்த்த பையன்தான் எடை போட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் வளையல் அந்த ஜூலையிலேயே வந்துவிட்டது. இரண்டாவதுக்கு அடுத்த வருஷம் மே வரை ஆனது.

டீ வந்துவிட்டது போலிருக்கிறது. குடித்துவிட்டு வாருங்கள். ரசீதோ பாஸ்புக்கோ கையோடு கொண்டுவந்தவர்கள் இந்த மேசைக்கு வந்தால், வட்டி எவ்வளவு ஆகிறது என்று சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.