வஸ்தான் சுரங்கத்து எலும்புகள்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள், பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவையும் எட்டிப் பார்த்திருப்பீர்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. தெற்கே நெய்வேலிக்குப் போனால் ஒரு பழங்காடே பழுப்பு நிலக்கரியாகப் புதைந்திருக்கிறது. மரம் இவ்வளவு கிடைக்கிறதே, அந்த மரத்தில் ஏறின குரங்கின் எலும்பு ஏன் கிடைக்கவில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. சதுப்புக்காட்டுத் தண்ணீரில் அமிலத்தன்மை அதிகம். இலையையும் மகரந்தத்தையும் அது பத்திரமாக வைத்திருக்கும், எலும்பைக் கரைத்துவிடும். நிலக்கரிப் படுகையில் எலும்பு தப்பிப்பது அபூர்வம்.

குஜராத்தில், சூரத் பக்கம் வஸ்தான் என்கிற பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் அப்படித் தப்பியிருக்கிறது. நிலக்கரி அடுக்குகளுக்கு நடுவே ஆங்காங்கே மெல்லிய களிமண் படிவுகள். அசோக் சாஹ்னி, ராஜேந்திர ராணா, அமெரிக்காவின் கென்னத் ரோஸ், பெல்ஜியத்தின் தியரி ஸ்மித் போன்ற தொல்லுயிர் ஆய்வாளர்கள் அந்தக் களிமண்ணைச் சாக்குச் சாக்காக அள்ளி, தண்ணீரில் கரைத்து, சல்லடையில் அலசி, மிஞ்சியதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கினார்கள். பற்கள் கிடைத்தன. அவற்றை வைத்து ஆசியாடாபிஸ், மார்க்கோடினோஷியஸ் என்று புதிய இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள். 2016-இல் 25 கைகால் எலும்புகளைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. வயது ஏறக்குறைய 5 கோடியே 45 லட்சம் ஆண்டுகள். எலும்பு ஒவ்வொன்றும் அரை அங்குலத்துக்குள் அடங்கிவிடும். தேவாங்கும் குரங்கும் மனிதனும் சேர்ந்த பிரைமேட் குலத்தில், இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எலும்புகள் இவைதான்.

சரி, இத்தனூண்டு எலும்பு என்ன சொல்லிவிடும்? நிறையச் சொல்கிறது. கணுக்கால் எலும்பின் மூட்டுப் பரப்பைப் பார்த்தாலே அந்த விலங்கு தரையில் ஓடியதா, கிளையில் ஏறியதா, நின்ற இடத்திலிருந்து எகிறிக் குதித்ததா என்று கண்டுபிடிக்கலாம். வஸ்தான் விலங்குகள் எலி அளவுதான். மரத்தில் ஏறும், கிளையைப் பற்றும், ஓரளவு தாவும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதே காலத்தில் வாழ்ந்த பிரைமேட்டுகள் தேவாங்கு, மடகாஸ்கர் தீவின் லெமூர் வழி என்றும், தென்கிழக்கு ஆசியாவின் பெரிய கண் டார்சியர், குரங்கு வழி என்றும் அதற்குள் தெளிவாகப் பிரிந்துவிட்டன. வஸ்தானில் அந்தப் பிரிவு இன்னும் அழுத்தமாக விழவில்லை. இரண்டு கிளையும் பிரிந்த இடத்துக்கு வெகு அருகில் இந்த எலும்புகள் நிற்கின்றன.

2009-இல் நியூயார்க்கில் பெரிய விழா எடுத்து 'ஈடா' என்கிற ஒரு பிரைமேட்டின் புதைபடிவத்தை உலகத்துக்குக் காட்டினார்கள். ஜெர்மனியின் மெசல் குழியில் 1983-இல் எடுத்தது, 4 கோடியே 70 லட்சம் ஆண்டு பழையது, எலும்புக்கூடு கிட்டத்தட்ட முழுசு. வயிற்றில் இருந்த இலையும் பழமும்கூடப் பதிந்திருக்கின்றன. அற்புதமான படிவம், சந்தேகமே இல்லை. ஆனால் மனிதனின் நேரடி வம்சாவளி என்று அதைக் கொண்டாடியது சரியில்லை. அதே ஆண்டு அக்டோபரில், எகிப்தில் கிடைத்த ஒரு படிவத்தையும் சேர்த்து ஒப்பிட்ட ஆய்வு, ஈடா லெமூர் பக்கத்து உறவு என்று காட்டியது. பெரும்பாலான அறிஞர்கள் இன்று சொல்வதும் அதுதான். ஈடாவுக்குக் கிடைத்த வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்காவது வஸ்தானுக்குக் கிடைத்திருக்க வேண்டும். நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அது இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

பிரைமேட்டுக்கு அடையாளம் என்ன என்று கேட்டால் முன்னோக்கிய கண்கள், கூர்நகத்துக்குப் பதில் தட்டை நகம், எதிர்த்து மடங்கும் கால் கட்டைவிரல் என்று சொல்வோம். இதில் எது முதலில் வந்தது? இருட்டில் பூச்சி பிடித்ததால் கண் முன்னுக்கு வந்தது, அதுதான் தொடக்கம் என்று 1970-களில் அமெரிக்க மானிடவியலாளர் மாட் கார்ட்மில் வாதாடினார். கிளை நுனியில் பூவும் பழமும் தேடியதால் பிடிக்கும் கால்தான் முதலில் என்றது எதிர்த்தரப்பு. 2002-இல் அமெரிக்காவின் வயோமிங்கிலிருந்து கார்போலெஸ்டஸ் என்கிற 5 கோடியே 60 லட்சம் ஆண்டுப் பழைய எலும்புக்கூட்டை விவரித்தார்கள். கால் கட்டைவிரலில் தட்டை நகம், நன்றாகப் பிடிக்கும் பாதம், கண்களோ பக்கவாட்டில். முழுமையான பிரைமேட் அல்ல, நெருங்கிய ஒன்றுவிட்ட உறவு. இருந்தாலும் கால்தான் முந்தியது என்ற கட்சியில்தான் நான் இருக்கிறேன்.

அந்தப் பிடியை இன்றைக்கும் உயிரோடு பார்க்கலாம். 'தேவாங்கு மாதிரி முழிக்காதே' என்று திட்டுகிறோமே, அந்தத் தேவாங்கிடம். அதன் கையில் ஆள்காட்டி விரல் குறுகிப் போயிருக்கும். அதனால் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே அகலமான பிடி. காலில் இரண்டாவது விரலில் மட்டும் ஒரு கூர்நகம், உடம்பைச் சொறிந்து சுத்தம் செய்துகொள்ள. மற்ற விரலெல்லாம் நம்மைப் போலத் தட்டை நகம். கைகால்களில் ரத்தக் குழாய்கள் வலையாகப் பின்னியிருப்பதால் மணிக்கணக்கில் கிளையைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் அதற்குக் கை மரத்துப்போவதில்லை. 2022-இல் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. ரொம்ப நல்ல காரியம். மாந்திரீகம், நாட்டு மருந்து என்று சொல்லி இன்னும் சிலர் அதைப் பிடிப்பதுதான் பெரிய வேதனை.

அப்புறம், இந்தக் குலம் பிறந்த இடம் எது? 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் பூமி திடீரென்று சூடேறியது. அதையொட்டித்தான் ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா மூன்றிலும் பிரைமேட்டுகள் தென்படுகின்றன. சீனாவில் யாங்சி ஆற்றுக்குப் பக்கம் கிடைத்த ஆர்க்கிசீபஸுக்கு வயது ஐந்தரைக் கோடி ஆண்டு, உயிரோடு இருந்தபோது எடை 30 கிராமுக்கு மேல் இருந்திருக்காது. இந்தியாவோ அப்போது வடக்கே நகர்ந்து ஆசியாவோடு முட்டத் தொடங்கிய சமயம். இங்கே உருவாகி ஆசியாவுக்குள் பரவியதா, அங்கிருந்து இங்கே வந்ததா?

தெலங்கானாவின் நஸ்கலில், டைனோசர் காலத்தின் கடைசியில் வாழ்ந்த டெக்கனோலெஸ்டஸ் என்கிற மரமேறிப் பாலூட்டியின் பற்களும் எலும்புகளும் கிடைத்தன. பிரைமேட்டுக்கு முன்னோடியாக இருக்குமோ என்று ஒரு கட்டத்தில் நினைத்தார்கள், இப்போது பலர் அதைப் பூச்சி தின்னும் வேறொரு கூட்டத்தில் சேர்க்கிறார்கள். நஸ்கலுக்கும் வஸ்தானுக்கும் இடையே ஒரு கோடி ஆண்டுக்கு மேல் இடைவெளி. நம் புதுச்சேரிக்குப் பக்கத்தில் காரசூரில் இருக்கும் பாறை அந்த இடைக்காலத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அது கடலடியில் படிந்தது. மரமேறிகளைத் தேட, அதே காலத்தில் ஆறும் ஏரியும் படியவைத்த களிமண் வேண்டும். அது எங்கே கிடைத்தாலும் சாக்கில் அள்ளி அலசிப் பார்க்க வேண்டியதுதான்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.