கிடைச்ச பிறகுதான் பாடம் புரியுது: பட்டிமன்றத்துல எங்க அணி பேச்சு

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணியிலயும் உக்காந்திருக்கற சகோதர சகோதரிகளுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கற எல்லாருக்கும் இயேசுவின் நாமத்துல ஸ்தோத்திரம்.

தலைப்பை ஒரு தடவை சொல்லிடறேன். சாவி, கண்ணாடி, பர்ஸ், போன், மோதிரம்னு அன்றாடம் நாம தொலைக்கிற பொருள்கள்ல இருந்து விசுவாசப் பாடம் அதிகமா வர்றது தொலைச்சப்பவா, திரும்பக் கிடைச்சப்பவா. தொலைச்சப்பதான்னு எதிரணி அக்கா ரொம்ப உருக்கமா பேசினாங்க. தொலைஞ்சாதான் ஜெபத்துக்கு முழங்கால் மடங்கும்னாங்க, சவுல் கழுதையைத் தொலைக்கலன்னா ராஜாவே ஆகியிருக்க மாட்டான்னாங்க, கடைசியா எல்லாத்தையும் இழந்த யோபுவைக் கொண்டுவந்து நிறுத்தினாங்க. அக்கா மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இந்த மூணையும் என்னால ஒத்துக்க முடியல.

முதல்ல முழங்கால் விஷயம். சாவி காணோம், கிளம்பற நேரம் தாண்டிடுச்சு, அந்த நேரத்துல நெஜமா நம்ம வீடுகள்ல ஜெபமா நடக்குது? "யார் எடுத்தது"ங்கறதுதான் வாயில இருந்து வர்ற முதல் வார்த்தை. பிள்ளை மேல எரிச்சல், கட்டினவங்க மேல கோபம், இன்னும் கொஞ்சம் விலை கூடின பொருளா இருந்தா வீட்டு வேலைக்கு வர்ற அம்மா மேல சந்தேகம், வாய்ல சொல்லாட்டியும் பார்வையில சொல்லிடுவோம், அந்த அம்மாவுக்கும் அது புரிஞ்சிடும், அவங்க ஒண்ணும் பேசாம பாத்திரத்தைக் கழுவிட்டுப் போயிடுவாங்க. இதுல எங்க இருக்கு பாடம்? அப்புறம் ஒரு நாள் பீரோவுல மடிச்சு வச்ச துணியை உதறும்போது அந்த மோதிரம் கீழ விழும் பாருங்க, அப்ப மோதிரத்தைப் பார்த்த சந்தோஷத்துக்கு முன்னாடி அந்த அம்மா முகம்தான் நம்ம கண் முன்னால வந்து நிக்கும். மத்தேயு 5-ஆம் அதிகாரத்துல ஆண்டவர் சொல்றார், காணிக்கையைப் பலிபீடத்து முன்னாலயே வச்சுட்டு முதல்ல போய் உன் சகோதரனோட ஒப்புரவாகுன்னு. அந்த வசனம் அத்தனை நாளா பைபிள்ல இருந்தது ஐயா, மோதிரம் கிடைச்ச அன்னிக்குதான் அது நம்ம வீட்டுக்குள்ள வருது. மோதிரம் கிடைக்காமலே போயிருந்தா அந்த சந்தேகம் ஆயுசுக்கும் அப்படியே உக்காந்திருக்கும், அந்த அம்மாகிட்ட மன்னிப்பு கேக்கணும்னு நமக்குத் தோணியே இருக்காது. தொலைச்சது நம்மள நியாயாதிபதி ஆக்குச்சு, கிடைச்சதுதான் நம்மள மனந்திரும்ப வச்சது.

இப்ப லூக்கா 15-க்கு வர்றேன், இந்தத் தலைப்புக்கு அதைவிட்டா வேற எங்க போறது. வரி வசூலிக்கற ஆயக்காரரும் பாவிகளும் இயேசுகிட்ட வர்றாங்க, இவங்களோட போய் சாப்பிடறாரேன்னு மதச்சட்டத்தைக் கறாரா கடைப்பிடிக்கற பரிசேயர் முறுமுறுக்கறாங்க, அவங்களுக்கு பதிலாதான் ஆடு, வெள்ளிக்காசு, மகன்னு அடுத்தடுத்து சொல்றார். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது நடுவுல இருக்கற அந்த வெள்ளிக்காசு. ஒரு ஸ்திரீகிட்ட இருந்த 10 காசுல ஒண்ணு காணோம், அது ஒரு ஆளோட ஏறக்குறைய ஒரு நாள் கூலி, அவ விளக்கைக் கொளுத்தறா, வீட்டைப் பெருக்கறா, கிடைக்கற வரைக்கும் தேடறா. சரி, அந்தக் காசு என்ன பண்ணுச்சு? ஒண்ணுமே பண்ணல! ஆடாவது கத்தியிருக்கும், வீட்டை விட்டுப் போன மகனாவது பன்னிக்கூட்டத்துக்கு நடுவுல உக்காந்து அப்பா வீட்டை நினைச்சான், காசுக்கு தான் தொலைஞ்சு போனதே தெரியாது, அது பாட்டுக்கு ஒரு மூலையில இருட்டுல கிடக்குது. தொலைஞ்சு கிடந்த காசு எந்தப் பாடமும் கத்துக்கல. அந்தக் காசு நாமதான்னு எடுத்துக்கிட்டா, நாம ஆண்டவரைத் தேடறதுக்கு ரொம்ப முன்னாடியே அவர் குனிஞ்சு நம்மளைத் தேடிக்கிட்டு இருந்திருக்கார், இது அவர் கைக்குள்ள வந்து சேர்ந்த பிறகுதான் நமக்கே தெரியுது. காசு கிடைச்ச உடனே அவ சும்மா இருந்தாளா, தோழிகளையும் அக்கம்பக்கத்தவங்களையும் கூப்பிட்டு என் கூட சந்தோஷப்படுங்கன்னு சொல்றா. பரலோகத்துல எப்படிப்பட்ட சந்தோஷம் இருக்கும்னு நமக்கு விளக்கறதுக்கு ஆண்டவர் எடுத்துக்கிட்டது இதைத்தான், ஒரு சாதாரண வீட்ல ஒரு சாதாரண பொருள் கிடைச்ச சந்தோஷத்தை. காணாம போன கண்ணாடி கையில தட்டுப்படும்போது நம்மள அறியாம "ஆ, இங்க இருக்கு"ன்னு சத்தமா சொல்றோமே, அந்தச் சத்தத்துல ஒரு துளி தேவனுடைய மனசு இருக்குன்னு நான் மனசார நம்பறேன்.

அடுத்தது சவுலோட கழுதை. அக்கா 1 சாமுவேல் 9-ஆம் அதிகாரத்தைப் பாதிதான் சொன்னாங்க. சவுலோட அப்பா கீசுடைய கழுதைகள் காணாம போச்சு, சவுல் எப்பிராயீம் மலை, சலீஷா, சாலீம், பென்யமீன் நாடுன்னு அலையறான், சூப் நாட்டுக்கு வந்ததும் போதும் திரும்பிப் போயிடலாம், அப்பா கழுதையை விட்டுட்டு நம்மளை நினைச்சுக் கவலைப்படப் போறார்னு சொல்றான். அலைஞ்ச வரைக்கும் அவன் கத்துக்கிட்டது களைப்பு மட்டும்தான். வேலைக்காரன் சொன்னதைக் கேட்டு தீர்க்கதரிசி சாமுவேல்கிட்ட போறான், அவர் என்ன சொல்றார்? மூணு நாளைக்கு முன்னாடி காணாம போன கழுதையைப் பத்திக் கவலைப்படாதே, அது கிடைச்சாச்சுன்னு, இவன் வாயைத் திறந்து கேக்கறதுக்கு முன்னாடியே சொல்றார். 10-ஆம் அதிகாரத்துல அவனை ராஜாவா அபிஷேகம் பண்ணின பிறகு கொடுக்கற முதல் அடையாளமும் அதேதான், ராகேலின் கல்லறைகிட்ட ரெண்டு பேர் வந்து கழுதை கிடைச்சுடுச்சுன்னு உன்கிட்ட சொல்லுவாங்கன்னு. தேவன் நெஜமாவே பேசியிருக்கார்னு சவுல் நம்பறதுக்கு ஆதாரமே அந்தக் கிடைச்ச கழுதைதானே.

இன்னொண்ணு கேக்கறேன், தொலைஞ்சதே தெரியலன்னா? யூதாவை ஆண்ட யோசியா ராஜாவோட 18-ஆவது வருஷம், ஆலயத்தைப் பழுதுபாக்கற வேலை நடக்கும்போது இல்க்கியா ஆசாரியன் நியாயப்பிரமாண புஸ்தகத்தைக் கண்டெடுக்கறான். எங்க கண்டெடுத்தான்? ஆலயத்துக்குள்ளயே! காடு மேடெல்லாம் போய்த் தேடல, யாருமே தேடல, ஏன்னா அது இல்லாமலே எல்லாம் நடந்துக்கிட்டு இருந்தது. தொலைஞ்சாதான் அருமை தெரியும்னா அத்தனை வருஷமும் ஏன் ஒருத்தருக்கும் தெரியல? புஸ்தகம் கிடைச்சு, அதை வாசிக்கக் கேட்ட அன்னிக்குதான் ராஜா தன் வஸ்திரத்தைக் கிழிச்சுக்கிட்டு அழறான், தேசமே திரும்புது. நம்ம வீட்லயும் அலமாரியை ஒதுக்கும்போது அம்மா அப்பா அடிக்கோடு போட்டு வாசிச்ச பழைய பைபிள் கைக்கு வரும், அது காணோம்னு நாம ஒரு நாளும் தேடியிருக்க மாட்டோம், கையில எடுத்த பிறகுதான் இத்தனை நாள் எது இல்லாம வாழ்ந்தோம்னு உள்ள குத்தும்.

அடுத்தவங்க பொருள் நம்ம கண்ல படறதையும் சொல்லணும், அதை எதிரணி தொடவே இல்ல. உன் சகோதரனோட ஆடோ மாடோ வழிதப்பிப் போறதைக் கண்டா காணாதவன் மாதிரி இருக்காதேன்னு உபாகமம் 22-ல இருக்கு, யாத்திராகமம் 23-ல அதுக்கும் மேல போய் உன் சத்துருவோட மாடா இருந்தாலும் கொண்டுபோய் விடுன்னு இருக்கு. யோசிச்சுப் பாருங்க, பகையாளியோட பொருளைக் கையில பிடிச்சுக்கிட்டு அவன் வாசல்ல போய் நிக்கணும். எந்தப் பிரசங்கத்துக்கும் அசையாத மனசை ஒரு கண்டெடுத்த பொருள் அசைச்சுடும். பதுவை அந்தோனியாரைப் பத்திக் கத்தோலிக்க சகோதரங்க சொல்ற சம்பவமும் இதுதான், அவர் குறிப்பெழுதி வச்சிருந்த சங்கீத புஸ்தகத்தை மடத்தை விட்டுப் போன ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டார், அந்தோனியார் ஜெபிச்சார், அந்த ஆள் புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு மடத்துக்கும் திரும்பி வந்துட்டார்னு. தொலைஞ்ச பொருளுக்காக அவர்கிட்ட வேண்டிக்கற பழக்கத்துக்குக் காரணமே இந்த சம்பவம்தான்னு சொல்லுவாங்க.

கடைசியா யோபு. இது கனமான விஷயம், திரும்பக் கிடைக்காமலே போனவங்க இந்த சபையிலயும் இருப்பீங்க, இறந்துபோனவங்க கொடுத்த ஒரு பொருளைத் தொலைச்சுட்டு இன்னும் மனசுக்குள்ள தேடிக்கிட்டு இருக்கறவங்க இருப்பீங்க, அவங்களை நான் லேசா கடந்துபோக மாட்டேன். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்னு யோபு சொன்னது 1-ஆம் அதிகாரம், அது பெரிய விசுவாசம்தான். ஆனா அதோட புஸ்தகம் முடியலயே, அதுக்கப்புறம் எத்தனை அதிகாரம் அந்த மனுஷன் ஏன் ஏன்னு கேட்டு அழறார்! 42-ஆம் அதிகாரம் 5-ஆம் வசனத்துலதான் சொல்றார், காதால கேள்விப்பட்டிருந்தேன், இப்ப என் கண் உம்மைக் காணுதுன்னு. ஆடு மாடெல்லாம் ரெண்டு மடங்கா திரும்ப வந்தது 10-ஆம் வசனத்துக்கு அப்புறம். நல்லா கவனிங்க, ஒரு ஆடுகூடத் திரும்பி வரல, சாம்பல்லயே உக்காந்திருக்கார், அப்பவே அவருக்கு ஒண்ணு கிடைச்சுடுச்சு, தேவனே கிடைச்சுட்டார். அக்கா சொன்ன யோபுகூட கண்டடைஞ்ச இடத்துலதான் அமைதியாகறார்.

நடுவர் ஐயா, லூக்கா 15-ல தம்பி திரும்பி வந்த அன்னிக்கு மூத்த மகன் வெளிய நிக்கறான். தம்பி சொத்தை எப்படி அழிச்சான், யார் யாரோட அழிச்சான்னு எல்லாம் விவரமா பேசறான், தொலைஞ்ச கணக்கு அவனுக்கு அத்துப்படி. தம்பி கிடைச்சுட்டான்ங்கறதைப் பத்தி மட்டும் அவனால சந்தோஷமா ஒரு வார்த்தை பேச முடியல. அப்பா வெளிய வந்து அவனையும் வருந்திக் கூப்பிடறார், காணாமற்போனான், திரும்பவும் காணப்பட்டான்னு சொல்றார். அந்த வீட்ல கன்னுக்குட்டி அடிச்சதும் விருந்து வச்சதும் மகன் தொலைஞ்ச நாள்ல இல்ல, கிடைச்ச நாள்லதான். எதிரணியும் அந்த விருந்துக்கு உள்ள வரணும்னு அன்போட கூப்பிடறேன், தீர்ப்பை எங்க அணிக்குக் கொடுங்கன்னு உங்களையும் கேட்டுக்கறேன். ஸ்தோத்திரம்.