புலி செத்துச்சா, யானை செத்துச்சா?

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதா?

சரி, உக்காருங்க. இப்ப நான் 'கேக்குதா'ன்னு கேட்டேன். காதுல விழுறதும் கேக்குறதுதான், கேள்வி கேக்குறதும் கேக்குறதுதான், கடன் கேக்குறதும் அதேதான், ஆனா உங்கள்ல ஒருத்தர்கூட "என்னத்தக் கேக்கணும்?"னு திருப்பிக் கேக்கல, கையைத் தூக்கி ஆட்டிட்டீங்க. ஒரு ஆளு மைக் முன்னாடி நின்னுக்கிட்டு பின்வரிசையப் பாத்து அப்படிச் சொன்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான். இன்னிக்கு நான் பேச வந்த விஷயமே இதுதான்.

தமிழ்ல பெயரெச்சம்னு ஒண்ணு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. சாப்பிட்ட குழந்தை, சாப்பிட்ட மாத்திரை, சாப்பிட்ட தட்டு, சாப்பிட்ட கை. பாருங்க, 'சாப்பிட்ட' மாறவே இல்ல, ஆனா குழந்தை சாப்பிட்டுச்சு, மாத்திரைய யாரோ சாப்பிட்டாங்க, தட்டுல வச்சு சாப்பிட்டாங்க, கையால சாப்பிட்டாங்க. யார் எதைங்கிற தகவல் அந்தச் சொல்லுல கிடையாது, தட்டு சாப்பிடாதுன்னு நமக்குத் தெரியும் அவ்வளவுதான்.

ரெண்டு பக்கமும் சாத்தியம்னா என்ன பண்றது? தொல்காப்பியத்துக்கு உரை எழுதினவங்க 'புலிகொல் யானை'ன்னு ஒரு உதாரணம் குடுக்குறாங்க. புலி கொன்ன யானையா, புலியைக் கொன்ன யானையா? அந்த ரெண்டு சொல்ல வச்சுக்கிட்டு விடிய விடிய யோசிச்சாலும் தெரியாது. அடுத்த சொல் வரணும். "புலிகொல் யானை ஓடுது"ன்னா யானை உயிரோட இருக்கு, அப்ப செத்தது புலி. "புலிகொல் யானையோட கொம்பு வந்துச்சு"ன்னா முடிஞ்சுது, செத்தது யானை. பின்னாடி வர்ற ஒரு சொல் முன்னாடி சொன்னதுக்கு அர்த்தம் குடுக்குது, எனக்கு இது எப்பப் படிச்சாலும் ஆச்சரியம்தான்.

பல பொருள் இருக்கிற ஒரு சொல்லுக்கும் அங்கயே வழி சொல்லிருக்கு, வினை, இனம், சார்பு இந்த மூணால தெரிஞ்சுக்கலாம்னு. 'மா'ன்னா மாமரம், மான்னா விலங்கு, குதிரையும் மாதான். மா பூத்துச்சுன்னா மரம், அது வினை. மாவும் மருதும் வளந்துச்சுன்னா பக்கத்துல மருதமரம் நிக்குது, அப்ப இதுவும் மரம், அது இனம். சார்புக்கு உரையில குடுத்த உதாரணம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: ஒருத்தன் கவசம் மாட்டிக்கிட்டு நின்னு "மா கொண்டு வா"ங்கிறான். குதிரைதான்! வாக்கியத்துல குதிரைக்கு ஒரு தடயமும் இல்ல, கவசம்தான் தடயம், அது வாக்கியத்துக்கு வெளிய இருக்கு.

அப்ப வேண்டாத அர்த்தம் நம்ம மண்டைக்குள்ள வரவே வராதான்னா, வருது. 1979ல ஸ்வின்னின்னு ஒரு ஆய்வாளர் சோதிச்சுப் பாத்தாரு. இங்கிலீஷ்ல 'பக்'னா பூச்சி, ஒட்டுக்கேக்குற கருவியும் பக்தான். பூச்சியப் பத்தின பேச்சுக்கு நடுவுல அந்தச் சொல்ல ஒலிக்கவிட்டு, அதே நொடியில திரையில 'எறும்பு', 'உளவாளி' மாதிரி சொற்களக் காட்டினா ரெண்டையுமே ஆளுங்க சட்டுனு அடையாளம் கண்டுட்டாங்க. ஒரு மூணு அசை தள்ளிக் காட்டினா எறும்புக்கு மட்டும்தான் அந்த வேகம், உளவாளி போயாச்சு. அதாவது ரெண்டு கதவும் திறக்குது, ஒண்ணு உடனே சாத்திக்குது, திறந்ததே நமக்குத் தெரியறதில்ல.

நேர்ல பேசும்போது இதுல பெருசா சிக்கல் வராது, டைப் பண்ணும்போதுதான் மாட்டிக்குவோம். கவசம் கண்ணுல படாதுல்ல. போன மாசம் நண்பன் ஒருத்தன்கிட்ட சாயங்காலம் பாக்கலாமாடான்னு மெசேஜ் போட்டேன், "கொஞ்சம் வேலை இருக்கு, சரி வரேன்"னு பதில் வந்துச்சு. வேலை இருந்தும் நமக்காக வரானேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். எதிர்ல இருந்திருந்தா பையத் தோள்ல மாட்டிக்கிட்டு பாதி எந்திரிச்சிருப்பான், அதைப் பாத்தே புரிஞ்சிருக்கும். ஒரு மணி நேரம் காத்திருந்துட்டு போன் பண்ணினா, "டேய், நான் கிளம்புறேன்னு சொன்னேன்டா"ங்கிறான்.