கல்யாணத்தில் மேளமும் ஆட்டமும்

வணக்கம் நேயர்களே.

நான் கர்நாடக இசை சொல்லிக்கொடுப்பவள். என்னிடம் படித்த பிள்ளைகள் வளர்ந்து, வீட்டில் கல்யாணப் பேச்சு வரும்போது, "டீச்சர், என்னென்ன பாட்டு வைக்கலாம்?" என்று கேட்டு வருவார்கள். கைப்பேசியில் ஏற்கெனவே ஒரு பெரிய பட்டியல் இருக்கும். பாட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் அன்றைய நிகழ்ச்சி வரிசையைக் காட்டுங்கள் என்பேன். எந்த நேரத்தில் என்ன நடக்கிறது, அப்போது யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சிங்கப்பூரில் நம் கல்யாணம் ஒரே நாளில் முடிவதில்லை. திருமணப் பதிவு ஒரு நாள். வீட்டில் நலங்கும் மருதாணியும் ஒரு நாள். கோவிலில் முகூர்த்தம், பிறகு ஹோட்டலிலோ மண்டபத்திலோ இரவு விருந்து. இவை எல்லாவற்றுக்கும் இசை வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பதிவுத் திருமணம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மணமக்கள் வாய்விட்டுச் சொல்லும் சம்மதம் அங்கிருக்கும் எல்லார் காதிலும் விழ வேண்டும். பின்னணியில் ஒரு பாட்டு ஓடினால் அதுவே இடைஞ்சல். நலங்குக்கு வீட்டுப் பெண்கள் பாடினாலே போதும். வீவக அடுக்குமாடி புளோக்குக் கீழே ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால், மேலே தூங்கும் குழந்தைகளை நினைத்து இரவு பத்து மணிக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

முகூர்த்தத்துக்கு வருவோம். இங்கே நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாதஸ்வரமும் தவிலும் நேரில் வாசிக்கப்பட வேண்டும். செலவைக் குறைக்க ஒலிப்பதிவைப் போட்டுச் சமாளிக்கிற வீடுகள் இருக்கின்றன. பூ அலங்காரத்தில் கொஞ்சம் குறைத்து அந்தக் காசை மேளத்துக்குக் கொடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். சடங்கு எத்தனை நிமிடம் எடுக்கும் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. மாலை மாற்றும்போது மாமன்மார் இரண்டு நிமிடம் கூடுதலாக விளையாடுவார்கள். புடவை மாற்றப் போன பெண் திரும்பி வர நேரமாகும். மேளக்காரர் குருக்களின் கையைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார். நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டுவார், மந்திரம் கேட்க வேண்டிய இடத்தில் தணிப்பார். தாலியை எடுத்துக் கொடுத்ததும் குருக்கள் விரலை அசைத்து "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்று சொன்ன அந்த நொடியில் தவில் முழங்கியாக வேண்டும். தும்மலோ, வேண்டாத ஒரு சொல்லோ அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் கெட்டி மேளம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒலிப்பதிவுக்குக் கண் கிடையாது. பொத்தானை அழுத்த வேண்டிய தம்பி கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு நிற்பான்.

நம் கோவில்களில் வாசிக்கும் கலைஞர்கள் பலர் தமிழகத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்கள். சின்ன வயதிலிருந்து பாடம் கேட்டுத் தேர்ந்தவர்கள். ஆனால் கல்யாண வீட்டார் பெரும்பாலும் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால் போய்ப் பேசுங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு எவ்வளவு நேரம், ஊஞ்சல் உண்டா, உங்கள் குடும்ப வழக்கம் என்ன என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த ராகம் இருந்தால் கேளுங்கள், சந்தோஷமாக வாசிப்பார்கள்.

எந்த இடத்தில் எந்த ராகம் என்பதற்குச் சட்டம் கிடையாது, பழக்கம் உண்டு. காலை நேரத்துக்கு பிலஹரி, கேதாரம் போன்றவை நன்றாக இருக்கும். அழைப்புக்குக் கல்யாணியையோ சங்கராபரணத்தையோ விரித்து வாசிக்கலாம். ஊஞ்சலுக்கு ஆனந்தபைரவி, தாலாட்டு போலப் பாடும் லாலிக்குக் குறிஞ்சி. மங்களம் பெரும்பாலும் சௌராஷ்டிரத்திலோ மத்தியமாவதியிலோ முடியும். முகாரி என்றாலே அழுகை என்று சொல்வதை வித்வான்கள் ஏற்க மாட்டார்கள். இருந்தாலும் கல்யாணத்தன்று அதைக் கேட்டால் முகம் சுளிக்கிற பாட்டி ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவருக்காக அதைத் தவிர்த்துவிடலாம்.

இன்னொன்று, மல்லாரி. கம்பீரநாட்டை ராகத்தில், கோவிலில் சுவாமி புறப்பாட்டின்போது வாசிப்பது. கம்பீரமாக இருக்கிறது என்பதால் இப்போது ஹோட்டலில் மணமக்கள் நுழையும்போது அதை ஒலிக்கவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுவாமிக்கு என்று ஒதுக்கி வைத்ததைச் சுவாமிக்கே விட்டுவிடலாம். மனிதர்களுக்கு வாசிக்க எத்தனையோ உருப்படிகள் இருக்கின்றன.

மேடையில் நாதஸ்வரத்தோடு சேர்ந்து பாடவோ வயலின் வாசிக்கவோ யாராவது இருந்தால் சுருதியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நீளமான, தாழ்ந்த சுருதியுள்ள பாரி நாதஸ்வரத்துக்கு சுமார் இரண்டு, இரண்டரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு). பெண் குரலுக்கு அது பல நேரம் ஒத்துவராது. கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டிச் சுருதியை மாற்றுவது போல நாதஸ்வரத்தில் மாற்ற முடியாது. அந்த வாத்தியத்துக்கு மைக்கும் வேண்டியதில்லை. திறந்த வெளியில் ஊர்வலத்துக்கு என்றே வளர்ந்த வாத்தியம் அது. தாழ்ந்த கூரையுள்ள அறையில் மைக் வைத்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

தேவாலயத்தில் திருமணம் என்றால் இசையைப் பற்றி முதலில் பங்குத் தந்தையிடமோ போதகரிடமோ, பாடகர் குழுவிடமோ பேச வேண்டும். கத்தோலிக்கத் திருப்பலிக்குள் சினிமாப் பாட்டுக்கு இடமில்லை. மணமகள் நடந்து வரும்போது பல ஊர்களில் கேட்கும் அந்தப் புகழ்பெற்ற மேற்கத்திய மெட்டு, வாக்னரின் 1850ஆம் ஆண்டு இசை நாடகம் ஒன்றிலிருந்து வந்தது. அந்தக் கதையில் அந்தப் பாட்டு முடிந்த கொஞ்ச நேரத்திலேயே மணமக்கள் பிரிந்துவிடுகிறார்கள். திரும்பிப் போகும்போது வாசிக்கும் மெண்டல்சோனின் மெட்டும் 1842இல் ஒரு நாடகத்துக்காக எழுதியதுதான். 1858இல் விக்டோரியா மகாராணியின் மூத்த மகள் கல்யாணத்தில் வாசித்த பிறகுதான் அது ஊர் ஊராகப் பரவியது. இதை விட நம் தமிழ்க் கீர்த்தனைகளில் ஒன்றைப் பாடகர் குழு பாடக் கேட்பது எனக்கு மிகவும் பிடிக்கும். முஸ்லிம் குடும்பங்களில் நிக்காஹ் நேரத்துக்கு வாத்தியம் தேவையில்லை. மாப்பிள்ளையை அழைத்து வரும்போது பைத் என்னும் புகழ்ப்பாடலை ஓதும் வழக்கமுள்ள வீடுகளில் அந்தக் குரல்களே போதுமான அழகு.

சரி, இரவு விருந்து. இங்கேதான் எல்லாரும் அதிகம் மெனக்கெடுகிறார்கள்.

மணமக்கள் நுழைவை எடுத்துக்கொள்வோம். வாசலிலிருந்து மேடை வரை முப்பது மீட்டர் என்று வைத்துக்கொண்டால், புடவையும் மாலையுமாக மெதுவாக நடக்க ஒரு நிமிடம், கொஞ்சம் கூடுதலாக ஆகலாம். நீங்கள் ஆசைப்பட்ட பாட்டில் குரல் தொடங்குவதற்குள் முன்னிசையே முக்கால் நிமிடம் ஓடிவிடும். ஆகவே பாட்டின் எந்த ஒரு நிமிடம் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கூடத்தில் ஒரு தடவை நடந்து பார்த்தால் இன்னும் நல்லது. சீன நண்பர்களின் விருந்துகளைப் பார்த்து, உடை மாற்றிக்கொண்டு இரண்டாவது முறை நுழைவதும் நம்மிடையே வந்துவிட்டது. அதற்கு வேறு தாளம், வேறு வேகத்தில் ஒரு பாட்டு இருக்கட்டும். உறுமி மேளத்தோடு வர ஆசை என்றால் தாராளமாகச் செய்யுங்கள். நம் இளைஞர்கள் உறுமியை உயிராக நேசிப்பதைப் பார்க்க எனக்குப் பெருமை. ஆனால் குழுவை மண்டபக் கதவுக்கு வெளியே முழங்கச் சொல்லி, உள்ளே நுழையும்போது நிறுத்திவிடுங்கள். மூடிய அறைக்குள் அது தாங்காது.

பாட்டின் சொற்களை முழுவதும் படித்துப் பாருங்கள். இது நான் மறுபடியும் மறுபடியும் சொல்லும் விஷயம். மெட்டு இனிமையாக இருக்கிறது என்று எடுப்பார்கள். இரண்டாவது சரணத்தில் காதலி விட்டுப் போய்விட்டாள், இனி வாழ்ந்து என்ன பயன் என்று இருக்கும். இளையவர்களுக்கு அது சட்டென்று உறைக்காது. முன் வரிசையில் இருக்கும் தாத்தாவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். சிங்கப்பூரில் வேலையிடங்களுக்கான இரைச்சல் வரம்பு, எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல். மூன்று டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் அனுமதிக்கும் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலுக்குப் போனால் பதினைந்து நிமிடம்தான். ஒலிபெருக்கிக்குப் பக்கத்து மேசையில் மூன்று மணி நேரம் உட்காரும் ஒரு முதியவரை நினைத்துப் பாருங்கள். இதை அளக்கக் கருவி தேவையில்லை. கை நீட்டும் தூரத்தில் இருப்பவரோடு பேசக் கத்த வேண்டியிருந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். இருபது வருடமாகப் பார்க்காத சித்தப்பாவும் அத்தையும் ஒரே மேசையில் சந்திக்கும் நாள் அது. அவர்கள் பேசிக்கொள்ளத்தான் விருந்து. சாப்பாட்டு நேரத்தில் வீணையோ, புல்லாங்குழலோ, பழைய பாடல்களோ தணிந்த குரலில் போகட்டும். வயதானவர்களை ஒலிபெருக்கிக்கு எதிர்ப்புறம் உட்கார வையுங்கள்.

அந்தப் பழைய பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தாத்தா பாட்டியிடமே கொடுங்கள். அவர்கள் கல்யாணமான காலத்தில் வானொலியில் என்ன கேட்டார்கள் என்று கேட்டால் ஒரு மாலை நேரம் முழுக்கப் பேசுவார்கள். நடிகரும் பாடகருமான பி. ரம்லியின் மலாய்ப் பாடல்கள் ஒன்றிரண்டு கட்டாயம் வரும். சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடத்தில் அவர் நடித்த காலத்தில், சென்னையிலிருந்து வந்த எல். கிருஷ்ணன் போன்றவர்கள் அவர் படங்களை இயக்கினார்கள். மலாய், சீன விருந்தினர் இருக்கும் கூடத்தில் அவர்கள் மொழியிலும் ஒரு பாட்டு ஒலித்தால் அவர்கள் முகம் மலர்வதை நீங்களே பார்க்கலாம்.

இனி நடனம். பரதநாட்டியம் வைப்பதாக இருந்தால், தயவுசெய்து சாப்பாட்டு வரிசை திறந்திருக்கும்போது வைக்காதீர்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கும் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண் அபிநயம் பிடிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கிறது. பத்து நிமிடம், எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு புஷ்பாஞ்சலியும் ஒரு பதமும் போதும். தரை எப்படி என்று முன்பே பாருங்கள். மெத்தென்ற கம்பளத்தில் தட்டடவு செய்தால் சத்தமும் எழாது, கணுக்காலும் சுளுக்கும். மாணவிதானே என்று சம்பளம் கொடுக்காமல் அனுப்புவதும் சரியில்லை. அவள் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பல வருடம் உழைத்திருக்கிறாள்.

தோழர், தோழியர் ஆடும் சினிமா நடனங்களுக்கு ஒரு குழுவுக்கு ஒன்றரை நிமிடம் என்று வரம்பு வையுங்கள். மொத்தமும் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடியட்டும். மணமகளைத் திடீரென்று மேடைக்கு இழுத்து ஆடச் சொல்வதானால், அவளுக்கு அது பிடிக்குமா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அப்பாவும் மகளும் சேர்ந்து ஆடுவது மேற்கத்திய வழக்கம். அப்பாவுக்கு மனமிருந்தால் செய்யலாம், கூச்சமிருந்தால் வற்புறுத்த வேண்டாம்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. கோலாட்டத்தை விருந்துக்குள் கொண்டுவாருங்கள். உள்வட்டம், வெளிவட்டம், எதிரெதிரே ஜோடிகள். நான்கு தட்டுகளில் ஒரு சுற்று. ஐந்து நிமிடத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். அலுவலக நண்பர்கள், பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம், பத்து வயதுப் பிள்ளைகள், பாட்டி எல்லாரும் ஒரே வட்டத்தில் நிற்க முடியும். சினிமா நடனத்தில் ஆறு பேர் ஆட, முந்நூறு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். இதில் பார்ப்பவர்களும் எழுந்து வருகிறார்கள். கயிற்றைப் பின்னிப் பின்னி ஆடும் பின்னல் கோலாட்டம் மட்டும் வேண்டாம், அதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். கோல்களை இரட்டைப்படையாக, தேவைக்குச் சில கூடுதலாகவே வாங்கி வையுங்கள். கோல் வேண்டாம் என்றால் கும்மி இருக்கிறது, அதற்குக் கை மட்டும் போதும்.

ஏற்பாட்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடல்களைப் பதிவிறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள், ஹோட்டல் வைஃபையை நம்ப வேண்டாம். டிஜேயிடம் போட வேண்டிய பாடல்களோடு போடக்கூடாத பாடல்களையும் எழுதிக் கொடுங்கள். மணமக்கள் தவிர வேறு ஒருவர் கையில் இந்தப் பொறுப்பு இருக்கட்டும். வாசிப்பவர்களுக்கும் ஆடுபவர்களுக்கும் எப்போது, எங்கே சாப்பாடு என்பதையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

தை, வைகாசி, ஆவணி மாதங்களில் நல்ல முகூர்த்தம் சனி, ஞாயிறில் வந்தால் ஊரில் இருக்கும் மேளக்காரர்கள் போதாமல் போய்விடுகிறார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் அன்றே மேளத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

வணக்கம்.