நாக்கைப் பறிகொடுத்த மணி

வணக்கம் நேயர்களே. ரஷ்யாவின் ஜார் மன்னர்களைப் பற்றிய நாடகம், பாட்டாலேயே நடக்கும் ஓபரா என்று பேச்செடுத்தாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு மணி. மாதா கோயில் மணி.

1591 மே மாதம். வோல்கா நதிக்கரையில் உக்லிச் என்ற ஊர். மறைந்த இவான் மன்னரின் கடைசி மகன் திமித்ரி, எட்டு வயதுப் பிள்ளை, முற்றத்தில் கழுத்தில் கத்திக் காயத்தோடு கிடக்கிறான். மணி அடிக்கிறது, ஊரே ஓடி வருகிறது, கொலைகாரர்கள் என்று நினைத்தவர்களை அங்கேயே அடித்துக் கொல்கிறது. விசாரிக்க வந்த ஷூய்ஸ்கி பிரபு, பிள்ளைக்கு வலிப்பு வந்து கையிலிருந்த கத்தி தானே பாய்ந்துவிட்டது என்று முடித்தார். இதே மனிதர் பின்னாளில் பேச்சை மாற்றியது வேறு கதை. சரி, தண்டனை? ஊர்க்காரர்களுக்கு, கூடவே அந்த மணிக்கும். மணியைச் சாட்டையால் அடித்து, நாக்கைப் பிடுங்கி, சைபீரியாவுக்கு நாடு கடத்தினார்கள். 1892-இல்தான் அது ஊர் திரும்பியது. முந்நூறு வருஷம், நேயர்களே!

அப்போது மாஸ்கோவில் ஆட்சியை நடத்தியவர் போரிஸ் கதுனோவ். 1598-இல் அவரே ஜார் ஆனார். அவர் கொல்லச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் கவிஞர் புஷ்கின் 1825-இல் எழுதிய நாடகமும், அதிலிருந்து இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி உருவாக்கிய ஓபராவும் பழியை அவர் தலையில் வைத்துத்தான் நகர்கின்றன. அது அந்த மனிதருக்கு அநியாயம்தான். ஆனாலும் அந்தப் பழியை வைத்துத்தான் மேடையில் ஒரு ஏழையால் மன்னரை நேருக்கு நேர் கேள்வி கேட்க முடிந்தது.

கோயில் வாசலில் ஒரு பித்தன். பையன்கள் அவனுடைய ஒரே ஒரு காசைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஜார் வெளியே வருகிறார். அந்தச் சின்ன இளவரசனைக் கொன்றாயே, அதுபோல இவர்களையும் கொல்லச் சொல் என்று அழுகிறான் பித்தன். பிடிக்கப் பாய்ந்தவர்களை ஜார் தடுக்கிறார், எனக்காக வேண்டிக்கொள் என்று கெஞ்சுகிறார். முடியாது, ஏரோது ராஜாவுக்காக வேண்ட முடியாது என்கிறான். பைபிளில் பிள்ளைகளைக் கொன்ற ஏரோது! இந்த இடத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அரசாங்கம் இதற்குப் பயப்படாமல் இருக்குமா? அப்போது ஆண்டுகொண்டிருந்த ரொமானோவ் வம்சத்துக்கு முந்தைய ஜார்கள் நாடகத்தில் பேசலாம், ஓபராவில் பாடக்கூடாது என்று 1837-இலேயே உத்தரவு. மன்னர் பாடினால் மரியாதை போய்விடுமாம். முசோர்க்ஸ்கியின் ஓபராவுக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 1874-இல் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது. புஷ்கின் நாடகம் மேடை ஏற 1870 வரை காத்திருந்தது, புஷ்கின் இறந்து முப்பத்துமூன்று வருஷம் கழித்து.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். 1908-இல் பாடகர் ஷல்யாபின் பாரிஸில் போரிஸாகப் பாடியதை இன்னொரு நாள் சொல்கிறேன். அப்புறம், புஷ்கின் அச்சிட்ட நாடகத்தின் முடிவு. போரிஸின் மனைவியும் மகனும் விஷம் குடித்து இறந்தார்கள் என்று அறிவித்துவிட்டு, நான்தான் அந்தத் திமித்ரி என்று சொல்லி வந்த புது ஜார் வாழ்க என்று மக்களைக் கத்தச் சொல்கிறார்கள். கடைசி வரி வசனமே இல்லை, வெறும் மேடைக்குறிப்பு: மக்கள் வாய் திறக்கவில்லை. வணக்கம்.